ரெஜினா எழுந்து போன செவ்வாய்க்கிழமை

மனநல வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். அதில் நான் செய்த தவறுகளைப் பெரும்பாலும் நோயாளிகள்தான் பொறுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் என்னுடன் வேலை செய்த ஒருத்தி பொறுத்துக்கொண்டாள், அவளால் முடிந்த வரைக்கும். புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எதைச் சொல்வது என்று யோசித்தபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அழைப்பவரிடம் எப்படிப் பேசுவது, குறிப்பு எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை.

ஓய்வு பெறும் முன் கடைசி ஏழு வருஷம் அடுகோடியில் ஒரு தொலைபேசி ஆலோசனை மையத்துக்குப் பொறுப்பாளராக இருந்தேன். கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். ஒரே நீளமான அறை, ஆறு மேஜை, ஆறு போன். மனம் நொந்தவர்கள், வாழ்க்கை போதும் என்று நினைத்துவிட்டவர்கள், அவர்களுடைய வீட்டார் என்று நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் போன் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. கன்னடத்தில் ஹலோ சொல்பவர் தமிழில் அழுவார். தமிழில் ஆரம்பிக்கிறவர் கோபம் வந்ததும் உருதுவுக்குப் போவார்.

ஆறு கவுன்சிலர்களில் ஐந்து பேருக்குக் கன்னடமும் ஆங்கிலமும், கொஞ்சம் இந்தியும் தெரியும்; தமிழ் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவுக்குத்தான். ரெஜினாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பக்கத்தில் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் உருது. முப்பத்தைந்து வயது இருக்கும். அமைதியான குரல். எந்த அழைப்பையும் அவளிடம் தள்ளிவிட்டால் நிம்மதி. வெளியிலிருந்து யார் மையத்தைப் பார்க்க வந்தாலும் அவளுடைய மேஜை முன்னால் நிறுத்தி, "இவங்க இல்லன்னா இந்த சென்டரே இல்ல" என்று சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கூச்சம் என்று நினைத்தேன்.

ஊழியர்களின் மனநலத்துக்கு நாங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டு, விளையாட்டு. மாதம் ஒருமுறை ஒரு ஃபார்ம்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலை பாரமாக இருக்கிறதா. ரெஜினா எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் போட்டுத் தருவாள். நான் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பேன்.

இன்னொன்றும் இருந்தது. பேச்சின் நடுவே உதவி தேவைப்பட்டால் கையைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆம்புலன்சுக்காகக் கை உயர்ந்திருக்கிறது, போலீசுக்காக உயர்ந்திருக்கிறது. தன்னால் முடியவில்லை என்று சொல்வதற்காக யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு அம்மாள் இருந்தார். என்னை அவ்வளவு அன்பாக நடத்தியவர். "உள்ள வரும்போது உன் மனசை வெளியில கழட்டி வெச்சுட்டு வா, போகும்போது எடுத்துக்கோ" என்பார். நல்ல மனுஷி, அறிவுரைதான் தப்பு. அதை நான் முப்பது வருஷம் நம்பினேன். எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லியும் கொடுத்தேன்.

இனி என் தவறு. நான் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பகல். மகளைப் பறிகொடுத்த ஒரு தாயுடன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசி முடித்துவிட்டு ரெஜினா என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், கொஞ்ச நேரம் என் லைனை ஆஃப் பண்ணி வெச்சுக்கட்டா?"

அந்த நேரம் பார்த்து ஒரு தமிழ் அழைப்பு காத்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே, பிரியமாகத்தான், சொன்னேன்: "ஒரு தமிழ் கால் வெயிட்டிங்ல இருக்கும்மா. உன்னை விட்டா யாரு?"

அவள் திரும்பிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கும் தமிழ் தாய்மொழிதான். பத்து அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் பொறுப்பாளர், எனக்கு மீட்டிங் இருந்தது. இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பேச்சு முடிந்த பிறகும் பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஹெட்போனைக் கழற்ற மாட்டாள். குறிப்பு எழுதுகிறாள், என்ன சிரத்தை என்று மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அவளுக்கு ஒரு தமிழ் அழைப்பு வந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மனிதர், வேலை போய்விட்டது. மனைவி கோபித்துக்கொண்டு பிள்ளையோடு ஊருக்குப் போய்விட்டாள். அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, முடிவு செய்துவிட்டேன், யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது என்கிறார்.

கால் மணி நேரம் போயிருக்கும். ரெஜினாவின் கை உயர்ந்தது. ஆம்புலன்சுக்கு முகவரி வாங்கிவிட்டாள் என்று நினைத்து, பேனாவும் காகிதமுமாக ஓடினேன். அவள் ம்யூட்டை அழுத்தியிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், அவர் பேசுறது காதுல விழுது. அர்த்தம் ஆக மாட்டேங்குது. தமிழ்தான் பேசுறார், எனக்கு எதுவுமே புரியல. நான் தப்பா ஏதாவது சொல்லிடுவேன். நீங்க வாங்கிக்கோங்க."

என் வாயில் என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இன்னும் ஐந்து நிமிஷம் சமாளி, உன்னைத்தான் அவர் நம்புகிறார் என்பதுதான் வந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்து அதை விழுங்கினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். நாற்காலியில் அவள் சூடு இருந்தது. ஆறு வருஷமாக நான் ஒரு அழைப்புகூட எடுத்ததில்லை.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. இப்போ பேசுறது வேற ஆள்."

"அந்த அக்கா எங்க?"

கண்ணிமைக்கும் நேரம்தான் எனக்கு இருந்தது. மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் அந்த மனிதரை எல்லோரும் அப்படித்தான் கைவிட்டிருப்பார்கள்: அப்புறம் வா, நாளைக்குப் பேசலாம், இப்போ வேலையாக இருக்கேன். உண்மையைச் சொன்னால், என் கதையைக் கேட்கக்கூட யாராலும் முடியவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் போனாலும் பயம்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் திரும்பி வர வழியே இருக்காது என்று தோன்றியது.

"அவங்களால இன்னிக்கு இதுக்கு மேல முடியலங்க. அதைச் சொல்லிட்டு, உங்களை என் கையில ஒப்படைச்சுட்டுத்தான் எழுந்து போயிருக்காங்க. நீங்க காரணம் இல்ல. ரொம்ப நாளா அவங்க ஒருத்தரே நிறைய சுமந்துட்டு இருந்தாங்க. அது என் தப்பு."

கீழே லேத் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. போய்விட்டாரோ என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்படிச் சொல்லலாமா?" என்றார்.

"எப்படிங்க?"

"முடியலன்னு. வேலை செய்யுற எடத்துல."

"சொல்லலாம். சொன்னாத்தானே இன்னொருத்தர் வந்து உக்கார முடியும்."

"யாரும் திட்ட மாட்டாங்களா?"

"இங்க நான்தான் பொறுப்பு. நான் திட்ட மாட்டேன்."

அவர் அழ ஆரம்பித்தார். அதுவரை ரெஜினாவிடம் அழாமல்தான் பேசியிருந்தார் என்று பிறகு அவள் சொன்னாள். அழுது முடிக்கிற வரை காத்திருந்தேன். "எனக்கும் முடியலங்க" என்றார்.

"தெரியுதுங்க. உங்க பக்கத்துல வந்து உக்கார யார் இருக்காங்க?"

பக்கத்து அறையில் செல்வம் என்று ஒருவர், கூட வேலை பார்த்தவர். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

"எழுப்புனா திட்டுவான்."

"திட்டட்டும். போனைக் கட் பண்ணாம கையிலயே வெச்சுக்கிட்டு, கதவைத் திறந்து, போய்த் தட்டுங்க. நான் இருக்கேன்."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். என் வாழ்க்கையில் எத்தனையோ சங்கீதம் கேட்டிருக்கிறேன், அந்த இரும்புச் சத்தத்துக்கு எதுவும் ஈடில்லை. இன்னொரு கதவைத் தட்டினார். திறந்தவர் திட்டவில்லை. "என்னண்ணா, என்ன ஆச்சு? ஏன் அழுவுற? உள்ள வா, உள்ள வாண்ணா" என்று ஒரு குரல் கேட்டது. சற்று நேரத்தில் அந்தக் குரலே என்னிடம் பேசியது: "சொல்லுங்க மேடம். எங்க கூட்டிட்டுப் போவணும்? நான் விட மாட்டேன், கூடவே இருக்கேன்."

மருத்துவமனை விவரம் எல்லாம் சொல்லி, இருவரும் கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு ஹெட்போனைக் கழற்றியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ரெஜினா அறையில் இல்லை. அவளுடைய கைப்பை, சாப்பாட்டு டப்பா, சார்ஜில் போட்டிருந்த போன், எல்லாம் மேஜையில் இருந்தன. பக்கத்து மேஜை மஞ்சுநாத் அப்போதுதான் தன் அழைப்பை முடித்திருந்தான்.

"ரெஜினா எங்கப்பா?"

"கெளகடே போனாங்க மேடம், படியில இறங்கி. தண்ணி குடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஐயோ, இன்னும் வரலியா?"

போனும் பையும் இல்லாமல் ஒருத்தி முக்கால் மணி நேரம் எங்கே இருப்பாள்? மற்றவர்களுக்காகக் காது கொடுக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று வெளியில் நினைப்பார்கள். நமக்குத் தெரியும், அப்படி இல்லை. ஒருவரைக் காப்பாற்றி முடித்த கையோடு இன்னொருத்தியை இழந்துவிட்டேனோ? மஞ்சுநாத்திடம் அறையை ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். பட்டறை வாசலில் நின்றவர், "அந்த மேடமா? அப்பவே நடந்து போனாங்களே, நீலசந்திரா பக்கம்" என்றார். ஆட்டோ பிடித்தேன். சிக்னலில் அது நகரவே இல்லை. பாதியில் இறங்கி, வெயிலில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஊழியர் கோப்பில் இருந்த முகவரி எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நிர்வாகம்.

சந்துக்குள் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்தவர் அவளுடைய அம்மா.

"வாங்கமா. நீங்கதான் ஆபீஸ் மேடமா?"

"ரெஜினா..."

"தூங்கினு இருக்கா. வெயில்ல நடந்தே வந்திருக்கா பாருங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சா, படுத்தா. 'மேடம் வருவாங்க, வந்தா என்னை எழுப்பாத, அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடு'ன்னா. அதான் பால் வாங்கி வெச்சிருக்கேன்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. அந்த அம்மா காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றார்.

"இன்னாமா தப்பு பண்ணா? வேலைய விட்டு எடுத்துருவீங்களா?"

"இல்லம்மா. அவ தப்பே பண்ணல."

"அப்போ சரி. இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டா?"

இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு, அவளை எழுப்பாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் மையத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "உயிர் போற கேஸ்ல பாதியில எழுந்து போயிருக்காங்க. ஒரு மெமோ குடுத்துடுங்க, மத்தவங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்" என்றார். மோசமானவர் இல்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மெமோவை ஒரு வரியில் எழுதியிருக்கலாம், பிரச்சினை முடிந்திருக்கும். அதன் பிறகு அந்த அறையில் ஒரு கையும் உயர்ந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று பக்க அறிக்கை எழுதினேன். சாரம் இதுதான்: இந்த ஊழியர் அழைப்பை விட்டுப் போகவில்லை. விதிப்படி கையைத் தூக்கி, காரணத்தைச் சொல்லி, பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் முன்பு அவர் ஓய்வு கேட்டபோது மறுத்தது பொறுப்பாளர். மெமோ கொடுப்பதானால் எனக்குக் கொடுக்கவும். அனுப்பிவிட்டு இரண்டு நாள் போன் வரும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் செயலாளரே நேரில் வந்தார். "நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். மெமோ யாருக்கும் வேண்டாம். என்ன மாத்தணுமோ மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினா அடுத்த திங்கட்கிழமை வந்தாள். நன்றாகத் தூங்கியிருந்தது முகத்தில் தெரிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு எதிரில் உள்ள தர்ஷினி ஓட்டலுக்குப் போனேன்.

"ஏன்மா அந்த ஃபார்ம்ல எல்லாத்துக்கும் நன்றுன்னே போட்ட?"

"அது உங்ககிட்டதானே வருது மேடம். நீங்க எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி அவ்ளோ பெருமையா பேசுறீங்க. அப்புறம் எப்படி மேடம் எழுதறது?"

"பேசி முடிச்ச பிறகும் ஹெட்போன் மாட்டிட்டு இருந்தியே?"

"மாட்டியிருந்தா யாரும் கூப்பிட மாட்டீங்களே. அதான்."

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவள் தானாகவே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா மேடம்? மத்தவங்க கேக்கறது யாரோ எங்கியோ இருக்கறவங்க கஷ்டம். எனக்கு அப்படி இல்ல. எங்க அம்மா பேசுற மாதிரியே பேசுறாங்க, எங்க தெரு பாஷையில அழுவுறாங்க. சாயங்காலம் காய் வாங்கப் போனா, கடைல நிக்கிற ஒவ்வொரு பொம்பளையையும் பாத்து, போன்ல பேசுனது இவங்கதானோன்னு தோணுது. வீட்டுக்குப் போனாலும் லைன் கட்டாகல மேடம்."

மனசை வெளியில் கழற்றி வைத்துவிட்டு வா என்று இவளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கே கழற்றி வைப்பாள்? அவள் வீட்டு வாசலிலிருந்தேதான் அந்தக் குரல்கள் வந்தன.

"என்ன செஞ்சா உனக்கு நல்லா இருக்கும்? நீயே சொல்லு."

அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான ஒரு அழைப்பு முடிந்தால் அரை மணி நேரம் அவள் போன் அடிக்கக் கூடாது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது. தமிழ் அழைப்புகளில் பாதியை நான் எடுக்க வேண்டும். ஃபார்ம் என்னிடம் வரக் கூடாது, வெளியிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும், பேசியது எனக்குத் தெரியக் கூடாது. கடைசியாகத் தயங்கித் தயங்கி, "வெள்ளிக்கிழமை பாட்டு வேண்டாம் மேடம். அந்த ஒரு மணி நேரம் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பாட்டை ஏற்பாடு செய்ய எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கல்லவா தெரியும். நான்கையும் அந்த வாரமே செய்தோம். உருது தெரிந்த இன்னொரு பெண்ணையும் சில மாதங்களில் எடுத்தோம்.

பொம்மனஹள்ளி மனிதர் மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். மாத்திரை சாப்பிடுவதாகவும், செல்வம் தன்னைத் தனியாக விடுவதே இல்லை, அதுவே இப்போது தொல்லையாக இருக்கிறது என்றும் சொன்னார். குரலில் உயிர் இருந்தது. ரெஜினாவிடமே பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. ரெஜினா விழப்போகும் கடைசி நொடியில்தான் கையைத் தூக்கினாள். மற்றவர்களும் அந்த நொடி வரை காத்திருப்பார்களோ? மஞ்சுநாத்தைப் பற்றித்தான் அதிகம் கவலை. ஆறடி உயரம், எப்போதும் சிரிப்பு, எதைக் கேட்டாலும் "ஆயித்து மேடம், ஆயித்து" என்று, ஆச்சு ஆச்சு என்று கன்னடத்திலேயே முடித்துவிடுவான். அந்த மாதிரி ஆட்களிடம் நம்மால் எதையும் படிக்க முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் அவன் என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"மேடம், எனக்கு ஒரு வாரம் லீவு வேணும். ஜுரம் எல்லாம் இல்ல. வீட்ல ஒண்ணும் ஃபங்ஷன் இல்ல. சும்மா, சுஸ்தாகிட்டேன்."

"எடுத்துக்கோப்பா."

அவன் நகரவில்லை. "காரணம் கேக்கலியா?"

"சொன்னியே, சுஸ்தாகிட்டேன்னு."

முகம் முழுக்கச் சிரித்தான், இந்த முறை உண்மையாகவே. படியில் தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஒருவர் களைத்துவிட்டேன் என்று சொன்னதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை. அவனுடைய போன் அடித்தது. போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். ஒரு கன்னட அம்மா. என் கன்னடம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கத்தான் லாயக்கு. அழுகைக்கு நடுவே அந்த அம்மா இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். திருத்திவிட்டு, தன் கஷ்டத்தைத் தொடர்ந்து சொன்னார்.